வரவில்லையென்றால் என்னிடம் இருக்கிறாள்

ரஹாங், சிரம்பான்
6.7.2025

ஷாமினியின் அப்பாவுக்கு,

உங்கள் சௌக்கியம் விசாரிக்க இதை எழுதவில்லை. சொல்லவேண்டிய விஷயம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

போன தீபாவளியன்று நீங்கள் குடித்துவிட்டு வந்து, டியூஷன் எடுக்கிற துரைசிங்கம் மாஸ்டர் கொடுத்த கெமிஸ்ட்ரி புத்தகங்களை லோங்காங் சாக்கடையில் வீசியது மறந்திருக்காது. மறுநாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஷாமினியின் தலையில் ஒரு கையை வைத்து, மறு கையால் எரிகிற சூடத்தை நான் அணைத்ததும் மறந்திருக்காது. "இவ எஸ்.பி.எம். எழுதி நல்ல ரிசல்ட்டோட வர்ற வரைக்கும் இந்த மனுசங்கிட்ட நான் வாய் தொறந்து பேசமாட்டேன். பேசினா அந்தப் பாவம் இவ தலையில இறங்கட்டும்" என்றேன். ஆத்திரத்தில் சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

இப்போது பேசவேண்டிய அவசியம் வந்துவிட்டதால், இங்கே ரஹாங் கோயில் பூசாரியிடம் கேட்டேன். காகிதத்தில் எழுதினால் சத்தியம் கெடாது, போனில் எது செய்தாலும், வாட்ஸப்பில் எழுதினாலும்கூட, அது பேசியதற்குச் சமம் என்றார். உங்கள் நம்பரை ஏற்கெனவே அடைத்துத்தான் வைத்திருக்கிறேன். அதனால்தான் தபால்தலை வாங்கும் நிலைமை.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்களிடம் வந்துபோகிற பிள்ளை, திரும்பி வந்து இரண்டு நாள் புத்தகத்தைத் தொடுவதில்லை. லிங்கிக்கு வந்தால் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், உங்கள் லோரியில் ஏறி ஊர் சுற்றுகிறாள். செப்டம்பர் முதல் தேதி டிரையல் பரீட்சை. நவம்பரில் நிஜப் பரீட்சை, எஸ்.பி.எம். ஒன்பது ஏ வேண்டும். எட்டு ஏ எடுத்த நம் பிள்ளைகளே மெடிசினுக்கு இடம் கிடைக்காமல் நிற்பதைப் பார்க்கிறோம். அங்கே வரும்போதும் அவள் படிக்க வேண்டும். "போதும் படிச்சது" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து ஏ எடுத்தவளை ஐந்தாம் படிவத்தோடு நிறுத்தினார்கள். இருபது வருஷமாக கிளினிக்கில் மருந்துப் பொட்டலம் மடிக்கிறேன். டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. "நீலா, இத எடு. நீலா, அத எடு" என்கிறாள். என் மகளை யாரும் அப்படிக் கூப்பிடக்கூடாது.

நீலாவதி

*

லிங்கி
13.7.2025

நீலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தோட்டத்து ஆபீசிலிருந்து எங்களை மேய்க்கிற மண்டோர் கொண்டுவந்து கொடுத்தார். கோர்ட்டிலிருந்து வந்த ஓலையோ என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் உன் முத்து முத்தான எழுத்து. படித்து முடித்தபோது கோர்ட்டே தேவலை என்று தோன்றியது.

புத்தகத்தை வீசியது தப்பு. ஆயிரம் முறை சொல்கிறேன், தப்பு. அன்றைக்கு விட்ட குடியை இன்றுவரை தொடவில்லை. நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் தாயம்மா அக்காவிடம் கேள். கடையைத் திறந்துவைத்துக்கொண்டு தோட்டம் முழுவதையும் வேவு பார்ப்பவர் அவர்தானே.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை வந்த பிள்ளை சப்பாத்தைக் கழற்றினாள். கால்விரல் இடுக்கு முழுவதும் சேற்றுப்புண். வெளுத்து, ஊறி, தோல் உரிந்து கிடக்கிறது. செம்பனைக் காட்டில் சேற்றை மிதித்துக் குலை ஏற்றுகிறவன் நான். புண் அவளுக்கா? எப்படி வந்தது என்று கேட்டேன்.

"தூக்கம் வராம இருக்க பக்கெட்டு தண்ணியில கால வெச்சிக்கிட்டு படிக்கிறேன்ப்பா. அம்மா ஐஸ் போடுவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டுவிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள். நடுவில் தாயம்மா அக்கா வந்து, மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். விளையாட்டுக்கு எழுதவில்லை, நீலா. எனக்குப் பயமாக இருந்தது.

ஒன்பது ஏ, ஏழு ஏ ஆனால் என்ன கெட்டுவிடும்? நம் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

இராஜமாணிக்கம்

*

ரஹாங்
23.7.2025

ஷாமினியின் அப்பாவுக்கு,

ஐஸ் நான் போட்டதுதான். அவள் கேட்டாள், போட்டேன். எழுதும்போது அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். அவள் கேட்டாள்.

கிளினிக்கிலிருந்து மருந்து கொண்டுவந்து தடவினேன். புண் ஆறிவிட்டது. நான் பேயில்லை. அவள் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போவதை நானும் பார்க்கிறேன். எழுப்பாமல் நின்றிருக்கிறேன். பிறகு எழுப்பியிருக்கிறேன்.

மாஸ்டரின் வகுப்பில் ரஜீவன் என்று ஒரு பையன். அவனுடைய பூட்டன் காலத்திலேயே அவர்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி குடும்பம். அப்பா அக்கவுண்டண்ட், அம்மா டீச்சர். அவன் ஒரு முறை தவறினால் இன்னொரு முறை எழுதுவான், பிரைவேட்டில் படிப்பான், வெளிநாடு போவான். நமக்குப் படிப்பு என்பது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருகிற பஸ். என் பஸ்ஸை என் அப்பா கைகாட்டாமல் விட்டுவிட்டார். ஷாமினியின் பஸ்ஸை நீங்கள் விடப் பார்க்கிறீர்கள்.

ஏழு ஏ போதும் என்று அவளிடமும் சொன்னீர்களாமே. இனிமேல் சொல்லாதீர்கள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் இழுத்தால் பிள்ளை எந்தப் பக்கம் போகும்?

நீலாவதி

*

லிங்கி
3.8.2025

நீலாவுக்கு,

வெள்ளிக்கிழமை போர்ட்டிக்சன் பஸ் ஸ்டேஷனில் மூன்று மணியிலிருந்து ஏழரை மணிவரை நின்றேன். பொரித்த வாழைப்பழம் அவளுக்குப் பிடிக்குமே என்று பீசாங் கோரெங் வாங்கி வைத்திருந்தேன். சிரம்பானிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி எட்டிப் பார்த்தேன். கடைசி பஸ்காரன், "அண்ணே, நீங்க டிக்கெட் செக்கரா?" என்று கேட்டுவிட்டான். அவள் வரவில்லை. பீசாங் கோரெங் முழுவதையும் நானே தின்றேன். இரண்டு நாளாக வயிறு என்னோடு சண்டை.

நீ நிறுத்தி வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் மனசு கேட்கிறதா? பஸ் எங்கேயாவது கவிழ்ந்துவிட்டதோ, யாராவது ஏதாவது செய்துவிட்டார்களோ என்று ராத்திரி முழுவதும் கண் மூடவில்லை. அவளுடைய ஹேண்ட்ஃபோனுக்கு அடித்தால் அதுவும் போகவில்லை. ரஹாங்குக்கே வந்திருப்பேன். "என் வாசலை மிதிக்காதீங்க" என்று நீ சொல்லியனுப்பியது காலைக் கட்டிப்போட்டது.

அனுப்பவில்லையென்றால் ஒரு வரி முன்னாலேயே எழுதக்கூடாதா? என் நெஞ்சு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இராஜமாணிக்கம்

*

ரஹாங்
8.8.2025

ஷாமினியின் அப்பாவுக்கு,

ஆமாம், நான்தான் நிறுத்தினேன். மாஸ்டர் திடீரென்று வகுப்பு வைத்தார். உங்களுக்கு எழுதி, அது ஆபீசுக்குப் போய், மண்டோர் கையில் ஏறி உங்களிடம் வருவதற்குள் வகுப்பே முடிந்திருக்கும். ஹேண்ட்ஃபோனை நான் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டேன். எஸ்.பி.எம். முடிந்த அன்று கொடுப்பேன்.

நீங்கள் கடைசி பஸ்வரை நின்றதைப் படித்தபோது சங்கடமாகத்தான் இருந்தது. அதனால் இனிமேல் இப்படி வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸில் வரவில்லையென்றால் என்னிடம் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கே திரும்பவில்லையென்றால் உங்களிடம் இருக்கிறாள். அப்போது திங்கட்கிழமை காலையில் நீங்களே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் விட்டுவிடுங்கள். இதற்குமேல் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

ஷாமினியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "சரிம்மா, நல்ல ஐடியாதான்" என்றாள். இப்போதெல்லாம் அவள் எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த வகையில் நல்ல பிள்ளை.

நீலாவதி

*

ரஹாங்
20.8.2025

ஷாமினியின் அப்பாவுக்கு,

உங்கள் பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன், அவ்வளவு கோபம்.

வெள்ளிக்கிழமை வகுப்பு இருந்ததால், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பஸ் ஏற்றி அனுப்பினேன். ஞாயிறு மாலை திரும்பி வந்தவளின் சப்பாத்தைக் கழுவ எடுத்தால் உள்ளே மணல். பாவாடை விளிம்பெல்லாம் உப்பு பூத்திருக்கிறது. பையிலிருந்த பயோலஜி நோட்டு பிரிக்கவே இல்லை. கேட்டால், "அப்பாதாம்மா கடலுக்குக் கூட்டிட்டுப் போனாரு" என்கிறாள்.

டிரையலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கடல் என்ன ஓடியா போய்விடும்? ஊரில் மற்ற பிள்ளைகள் எல்லாம் தலையை நிமிர்த்தாமல் படிக்கிற நேரத்தில், நீங்கள் மகளுக்கு அலை காட்டுகிறீர்கள். உங்களுக்கு நல்ல அப்பா என்ற பெயர் வேண்டும். திட்டு வாங்குவதற்கு நான் இருக்கிறேன்.

பதில் எழுதுங்கள். நீங்கள்தான் கூட்டிப்போனீர்களா?

நீலாவதி

*

லிங்கி
25.8.2025

நீலாவுக்கு,

ஆமாம், நான்தான் கூட்டிப்போனேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டு. அவளை ஒன்றும் சொல்லாதே, அடிக்காதே.

கல்யாணமான புதிதில் நாமும் போனோமே. நீ சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு நின்றாய். நண்டு கடித்தது என்று கத்தினாய், பார்த்தால் சிப்பி. அப்போது நீ சிரித்த மாதிரி அப்புறம் நான் பார்க்கவில்லை.

நீ போட்ட சட்டம் எனக்குச் சம்மதம். வரவில்லையென்றால் உன்னிடம் இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறேன். இனிமேல் பஸ்ஸில் ஏறிப் பார்க்கமாட்டேன்.

இராஜமாணிக்கம்

*

லிங்கி
21.9.2025

நீலாவுக்கு,

டிரையல் முடிந்து ஷாமினி வெள்ளிக்கிழமை வந்தாள். இப்போதுதான் பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னோடு சண்டை போட இதை எழுதவில்லை. முழுவதும் படி.

சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறேன் என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்று ஓடினாள். பிடித்து உட்காரவைத்துப் பின்னலைப் பிரித்தால், இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. மொட்டை. பக்கத்து முடியை இழுத்து மூடிப் பின்னி வைத்திருக்கிறாள். கொட்டிவிட்டதா என்றேன். முடியை இழுத்துத் திரும்ப மூடப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"நானேதான்ப்பா பிடுங்குறேன். கணக்கு வரலன்னா கை தானா போகுது. வலிக்காதுப்பா. பிடுங்கினா கொஞ்சம் நல்லாருக்கு."

நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். அப்புறம் அந்த இடத்தில் மெல்ல எண்ணெய் தடவினேன். லோரி ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும்?

சாயங்காலம் தாயம்மா அக்காவின் பேத்திக்குத் தன்னுடைய கலர் பென்சில் பெட்டியையும், அந்தப் பச்சைக் கல் தோட்டையும் கொடுத்துவிட்டாள். வரைகிற நோட்டையும் கொடுத்தாள். நமக்குத்தான் இல்லாவிட்டாலும் கொடுக்கிற குணம் இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் தாயம்மா அக்கா முகம் சரியில்லை. "இந்தப் புள்ள பென்சில யாரையும் தொடவே விடாதே மாணிக்கம், இப்ப ஏன்லா குடுக்குது?" என்று கேட்டார்.

சாப்பிடும்போது, "அப்பா, தோட்டத்துல உங்ககூட படிச்சி ஃபெயிலானவங்கல்லாம் இப்ப என்ன பண்றாங்க?" என்றாள். "ஒருத்தன் உன் எதிர்ல உக்காந்து ரசம் குடிக்கிறான்" என்றேன். சிரித்தாள். ஆனால் கண்ணில் சிரிப்பில்லை.

நீலா, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறாராம். நம் மண்டோரின் தங்கை மகளை அங்கே காட்டித்தான் சரியானது. நீ கூட்டிக்கொண்டு போ. லீவு கிடைக்காவிட்டால் நான் போகிறேன். இந்த வாரமே. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

இராஜமாணிக்கம்

*

ரஹாங்
28.9.2025

ஷாமினியின் அப்பாவுக்கு,

முழுவதும் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

மனசு டாக்டரிடம் இப்போது போகமுடியாது. நான் கிளினிக்கில் இருக்கிறவள், எனக்குத் தெரியும். ஒரு முறை கார்டில் எழுதினால் எழுதியதுதான். நாளைக்கு மெடிசினுக்கு இன்டர்வியூவில் உட்காரும்போது, "உனக்கே மனசு சரியில்லை, நீ எப்படி நோயாளியைப் பார்ப்பாய்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இத்தனை வருஷப் பாடும் ஒரு கார்டால் போய்விடும். எஸ்.பி.எம். முடியட்டும். முடிந்த மறுநாளே நானே கூட்டிப்போகிறேன். இது சத்தியம்.

முடி வளர்ந்துவிடும். செம்பருத்தி எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறேன்.

இதை எழுத வேண்டாமென்று நினைத்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று அவளுடைய பயோலஜி புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பாடத்துக்கு நடுவிலும் முடி. வேரோடு இருக்கிறது. பக்கத்தைப் புரட்டப் புரட்ட விழுகிறது. கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயம்.

அந்த ஐஸை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை டியூஷனையும் ஒரு மணி நேரம் குறைத்தேன். நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள்.

நீலாவதி

*

ரஹாங்
12.10.2025, ஞாயிறு மாலை

ஷாமினியின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை உங்களிடம் வந்ததுமே ஷாமினி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது நிஜம்தான். நான் மறைக்கவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி டிரையல் ரிசல்ட்டைக் கொடுத்தார்கள். மூன்று ஏ. கெமிஸ்ட்ரியும் அட்மேத்ஸ் கணக்கும் ஃபெயில். ரஜீவனின் அம்மா பக்கத்தில் நின்று, "பரவாயில்ல அக்கா, இன்னும் டைம் இருக்கு" என்றார். அந்த ஆறுதல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: "இந்த மார்க்க வெச்சிக்கிட்டு இனிமே என் மூஞ்சியில முழிக்காத. உனக்காக வாழ்ந்ததே வேஸ்ட்டு."

சொல்லியே விட்டேன். பெற்றவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

அவள் அழவில்லை. "சரிம்மா" என்றாள். சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். தன் யூனிஃபார்மைத் தேய்த்து, என் கிளினிக் சட்டையையும் எடுத்துத் தேய்த்துத் தொங்கவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் எழுந்து வருவதற்குள் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அப்படியே உங்களிடம் பஸ் ஏறுகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

மூன்று நாளாக வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த டைம்டேபிளைக் கிழித்துப் போட்டேன். நேற்றுக் காலையில் மாஸ்டர் வீட்டுக்கு நடந்தே போய், இனிமேல் வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். "கொஞ்சம் யோசிங்கோ, பிள்ளையிட எதிர்காலம்" என்றார். யோசித்துவிட்டேன். டாக்டர் வேண்டாம். அவள் படம் வரைய விரும்பினால் வரையட்டும். உங்களைப்போல லோரி ஓட்டினாலும் ஓட்டட்டும். நாளைக்கே லீவு எழுதிக்கொடுத்து, அந்த மனசு டாக்டரைப் பார்க்க நாள் வாங்குகிறேன். கார்டில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

நீங்கள் இதை அவளிடம் சொல்லவேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டாள், நீங்கள் சொன்னால் நம்புவாள். அம்மாவுக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள். அம்மா மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்லுங்கள்.

நேற்று போனை எடுத்தேன். உங்கள் நம்பரின் அடைப்பை எடுத்துவிட்டேன். அவள் குரலை ஒரு தரம் கேட்டால் போதும் என்றிருந்தது. அழுத்தப்போன நேரத்தில் அந்தச் சூடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் தலையில் கைவைத்துச் செய்த சத்தியம். இந்த நிலைமையில் இருக்கிற பிள்ளைக்கு அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? பயந்துபோய் போனைக் கீழே வைத்தேன்.

இன்று அவள் திரும்பவில்லை. உங்களிடம் இருக்கவே பிடித்திருக்கிறது போலும். இருக்கட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டாம். இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கட்டும், யாரும் எழுப்பவேண்டாம். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், அப்பாவிடம் இருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

நீலா

*

லிங்கி
12.10.2025, ஞாயிறு

நீலாவுக்கு,

இந்த வெள்ளிக்கிழமையும் ஷாமினி வரவில்லை. இரண்டு பஸ் பார்த்தேன். அப்புறம் உன் சட்டம் நினைவுக்கு வந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். முன்போலக் கோபம் இல்லை. அடுத்த மாதம் பரீட்சை, நீ நிறுத்தி வைத்தது சரிதான். போன கடிதத்தில் ஐஸை நிறுத்தியதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. நாம் இரண்டு பேரும் ஒரு பக்கமாக நின்றால் பிள்ளை தேறிவிடுவாள்.

உன்னிடம் ஒன்று மறைத்திருந்தேன். இனிமேல் மறைப்பது சரியில்லை. ஆகஸ்டில் சப்பாத்தில் மணல் இருந்தது என்று எழுதினாயே, அன்றைக்கு நான் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கினேன் என்று யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள், அப்புறம்தான் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தேன். காலை ஏழு மணிக்கே நீ அனுப்பியது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். சினேகிதிகளோடு போயிருப்பாள், நீ அடித்துவிடுவாயே என்று நானே பழியை வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பரில் வந்தபோது அவளிடம் கேட்டேன். யாரோடும் போகவில்லையாம். போர்ட்டிக்சன் பஸ் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோய் நாள் முழுவதும் கடலருகே தனியாக உட்கார்ந்திருந்தாளாம். "அங்க யாரும் மார்க் கேக்கமாட்டாங்கப்பா. தண்ணி வா வான்னு கூப்புடற மாரி இருந்திச்சி. பயமாவே இல்ல" என்றாள். அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சரி, பிள்ளை கொஞ்சம் காற்று வாங்கியிருக்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த முடி சமாச்சாரத்தைப் பார்த்த பிறகும் உன்னிடம் சொல்லவில்லை பார், நான் எவ்வளவு பெரிய முட்டாள். இரண்டு மூன்று நாளாக அந்தப் பேச்சே காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதனால் இனி அவளைத் தனியாகப் பஸ் ஏற்றாதே. நான் மோட்டாரில் வந்து உங்கள் சாலை முனையிலேயே நின்று கூட்டிக்கொள்கிறேன். உன் வாசலை மிதிக்கமாட்டேன். அதுவரை உன் கண் பார்வையிலேயே வைத்துக்கொள். உன்னிடம் இருக்கிறாள் என்பதால்தான் எனக்குத் தைரியமே.

இன்னும் எட்டு நாளில் தீபாவளி. நீல நிறத்தில் பாவாடைத் துணி எடுத்திருக்கிறேன். தாயம்மா அக்கா தைத்துத் தருகிறேன் என்கிறார். இளைத்துவிட்டாள், பழைய அளவு சரிவராது. இடுப்பையும் உயரத்தையும் அளந்து எழுதி அனுப்பு. நாளைக்குக் காலையில் லோரி எடுக்கும்போது இதைத் தபாலில் போடுகிறேன், வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

ஷாமினியிடம் அப்பா கேட்டதாகச் சொல்.

இராஜமாணிக்கம்